குடைக்காரியும் ஸ்வெட்டர் கேட்ட எலியும்

மருந்துப் பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதை நீங்களும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் குப்பையில் போடுகிறோம். ஆனால் அந்தக் காகிதத்தை ஒருத்தி தொண்டை வறள, ஒரு புள்ளி விடாமல், வாய்விட்டுப் படித்திருக்கிறாள். திருத்தம் வந்தால் மறுபடியும் தலையிலிருந்து படித்திருக்கிறாள். அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்கா சேர்த்துக்கொள்வார்கள்.

வேலை இதுதான். மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தை ஒருவர் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் அச்சுப் படியில் விரலை ஓட்டிக்கொண்டே சரிபார்க்க வேண்டும். படிக்கிறவர் சொற்களைப் படித்தால் மட்டும் போதாது, புள்ளி, கோடு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "உணவுக்குப் பின் கால்புள்ளி ஐந்நூறு மில்லிகிராம் அடைப்புக்குறி தொடக்கம்" என்று அவள் படிப்பதைக் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று கேட்டால் மந்திரம் ஓதுவது போல இருக்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் உயிர் போகும். அதனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவளுக்குச் சொந்த வாய் கிடையாது. இருப்பதைப் படிக்கலாம், இல்லாததைப் படிக்கக் கூடாது. வாயாடியாகப் பிறந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். அவள் அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மென்று விழுங்கிவிட்டாள்.

எதிர் நாற்காலியில் இருந்தவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மெஷின்காரர்கள் பயந்து நடுங்கிய ஆள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்து கொண்டுவந்த தாளில் ஒரு நிமிடத்தில் தப்பைக் காட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். அந்த மீசைக்கு அச்சகத்தில் தனி மதிப்பு உண்டு. ஒரு நாள் இருமல் மருந்துச் சீட்டின் நடுவில், வரியிலிருந்து விரலை எடுக்காமலே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். "முதல்ல இந்தப் பத்தியை முடிப்போம்" என்றாள் ரேடியோ. பத்தி முடிந்தது. கல்யாணமும் முடிந்தது. அதன் பிறகும் இரண்டு பேரும் அதே கண்ணாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில்கூட அவள் குரலில் ஒரு புள்ளி பிசகியதில்லை.

பிறகு அவருடைய கண்ணில் கோளாறு வந்தது. ஓரம் தெரியும், நடு தெரியாது. கதவு தெரியும், கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் முகம் தெரியாது. மருத்துவர்கள் இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பூதக்கண்ணாடிக்குக் கண் போய்விட்டது என்று ஊரார் உச்சுக்கொட்டுவதற்கு முன்னால் அவரே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் வெளியே போகவில்லை. யாருக்கும் போன் பண்ணவில்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டு வரும்வரை ஜன்னலோர நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கியிருந்தது. மின்கட்டணச் சீட்டு, போனில் வரும் செய்தி, மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும் ரேடியோ படிப்பாள், அவர் கேட்பார். "நீ படிச்சா அது அச்சு மாதிரி. எனக்குத் திரும்பப் பாக்கணும்னு இல்லை" என்பார். உலகத்தில் அவர் சரிபார்க்காமல் விட்ட ஒரே விஷயம் அவள் வாய்தான்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. விடுமுறைக்கு வந்தவள், அப்பா இப்படிச் சிலையாக உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல் டிவியில் ஒரு ஜப்பான் தொடரைப் போட்டாள்.

"கார்ட்டூனா? எனக்கா?" என்றார் அவர்.

"கார்ட்டூன் இல்லப்பா, அனிமே. கொலைக் கதை. உங்களுக்குத்தான் தப்பு கண்டுபிடிக்கறதுன்னா உயிராச்சே, கொலைகாரனைக் கண்டுபிடிங்க."

"பேசறது புரியாதே."

"கீழே தமிழ்ல ஓடும். அம்மா படிப்பாங்க."

அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமலே அம்மாவுக்கு வேலை கொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டாள். ஆபீசில் படிப்பது போதாதென்று வீட்டிலுமா என்று முணுமுணுத்துக்கொண்டே ரேடியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் காட்சியிலேயே இருட்டில் ஒருவன் ஓடினான். அவள் ஆரம்பித்தாள். "யார் அங்கே கேள்விக்குறி. நில்லுங்கள் ஆச்சரியக்குறி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அங்க கொலை நடக்குது, நீ புள்ளி வச்சிட்டிருக்கே!" கண் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டிவியில் ஒலி அதிகமாக இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

பனி கொட்டும் ஊரில் ஒரு ரயில் நிலையம். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கொலையாகிக் கிடக்கிறார். துப்பறிய வருகிறவன் ஒரு மௌன சாமியார்; வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. மற்றவர்களும் அப்படித்தான். டிக்கெட் பரிசோதகர், கடிகாரக் கடைக்காரர், செத்தவரின் தம்பி, எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ரகசியத்தோடு திரிந்தார்கள். பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். அவ்வளவு பேருக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே வருவாள். பயணிகள் விட்டுப்போன பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டரில் வேலை. யாரோ விட்டுப்போன மஞ்சள் குடையை எப்போதும் தோளில் சாய்த்திருப்பாள். அவளுக்கு ஒரு ஜப்பான் பெயர் இருந்தது. அது நாக்கில் புரளவில்லை. அதனால் இவர்கள் வைத்த பெயர் குடைக்காரி.

கதைக்கு அவள் தேவையே இல்லை. அவளைத் தூக்கிவிட்டாலும் கொலை கொலையாகவே இருக்கும், துப்பு துலங்கத்தான் செய்யும். ஆனால் அவள் வந்த பிறகுதான் அந்த ரயில் நிலையத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நம்ப முடிந்தது. துப்பறிவாளன் ரத்தக் கறையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் பின்னாலிருந்து ரொட்டியை நீட்டுவாள். அழுகிற தம்பிக்கு யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையைக் கொடுத்து, மற்றக் கையை ஜேபியில் விடச் சொல்லுவாள். ரேடியோவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. நாள் பூராவும் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு வருகிறவளுக்கு இந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

அவருக்கும் பிடித்தது. அவருக்குக் குரல் மட்டும்தானே. "இவ குரல்ல வெயில் அடிக்குது" என்றார் ஒரு தடவை. பூதக்கண்ணாடி அதிகமாகப் பாராட்டுகிற ஆள் இல்லை.

சிக்கல் இங்கேதான் வந்தது. குடைக்காரி பேசிக்கொண்டே இருப்பாள். அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் பேசுவாள், போகிற போக்கில் பேசுவாள், கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் பேசுவாள். மொழிபெயர்த்தவர் அதையெல்லாம் எழுதவில்லை. கொலைக்குச் சம்பந்தம் உள்ளதை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் கழித்துவிட்டார். பூதக்கண்ணாடியின் காதில் விழுகிறது, எழுத்தில் இல்லை.

"என்னவோ சொல்றாளே, என்ன?" என்று அவர் கேட்பார்.

"எழுதலைங்க."

"ஓ." அவர் முகம் சுருங்கிப்போகும். கண் இருந்தும் இல்லாதது மாதிரி ஆகிவிட்ட மனிதர், காதிலும் பாதிதான் கிடைக்கும் என்று ஆனால் என்ன செய்வார்? மூன்று நான்கு முறை அந்த "ஓ"வைக் கேட்டாள். ஒரு சாயங்காலம், குடைக்காரி மாடிப்படி பக்கமாகக் கையைக் காட்டி என்னவோ அளந்துகொண்டே போனபோது, அவர் கேட்பதற்கு முன்னால் ரேடியோவின் வாய் தானாகத் திறந்தது.

"'மேல் ரூம்ல அவ்வளவு குளிரு சார். அங்க இருக்கற எலி கூட என்கிட்ட ஸ்வெட்டர் கேக்குது'ங்கறா."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூலத்தில் இல்லாததை அவள் படித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தும் போனது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. எழுதாத இடத்தில் எல்லாம் குடைக்காரி ரேடியோவின் வாயால் பேசினாள். துப்பறிவாளனின் கோட்டைப் பார்த்து, "இதுக்குள்ள இன்னொரு துப்பறிவாளர் குடியிருக்கலாம்" என்றாள். டிக்கெட் பரிசோதகரைப் பார்த்து, "இவர் கனவுல வர்றவங்ககிட்டயும் டிக்கெட் கேப்பார்" என்றாள். எழுதியிருந்த வசனத்தை மட்டும் ரேடியோ தொடவில்லை. அதில் ஒரு எழுத்துகூட மாறாது. காலியிடம்தான் அவளுடையது. வாழ்நாள் பூராவும் அடுத்தவர் எழுதியதையே படித்தவளுக்குச் சொந்தமாக இவ்வளவு பேச்சு உள்ளே இருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அச்சகத்தில் வயிற்றுப்போக்கு மருந்துச் சீட்டைப் படிக்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். "என்னக்கா, இதுல என்ன தமாஷ்?" என்று எதிரே இருந்த புதுப் பெண் கேட்டாள். ரேடியோ அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

தொடர் முடிவதற்கு ஒரு பகுதி பாக்கியிருந்தபோது துப்பறிவாளன் ஒரு வழியாக வாயைத் திறந்தான். மாடியில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த அறையை உடைத்துத் திறந்தார்கள். கூட வந்த போலீஸ்காரன், "எலி!" என்று அலறிக்கொண்டு குதித்தான். துப்பறிவாளன் எதுவும் நடக்காதது போலச் சொன்னான். ரேடியோ படித்தாள். "கொலைகாரர் ஒளிந்திருந்தது இங்கேதான். இந்த அறைக்குள் வந்து போனவர் அவர் ஒருவர் மட்டுமே."

பகுதி முடிந்து பாட்டு ஓடியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"குடைக்காரி!" என்றார். "கொலைகாரி அவதான்! யாரும் போகாத ரூம்ல எலி இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கே சொன்னாளே, ஸ்வெட்டர் கேக்குதுன்னு! தமாஷ் பண்ற மாதிரி பண்ணி, உளறிட்டுப் போயிட்டா!"

ரேடியோ அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

"அது சும்மா தமாஷுக்குச் சொன்னதா இருக்கும்ங்க."

"கொலைக் கதையில சும்மான்னு ஒண்ணு கிடையாது. நீ படிச்சுட்டு விட்டுடறே. நான் ஒவ்வொரு வார்த்தையும் பிடிச்சு வச்சிருக்கேன்." அவர் முகம் பளபளவென்று இருந்தது. அச்சுத் தாளில் தப்பைக் கண்டுபிடித்த நாட்களில் இருந்த அதே முகம். அதைப் பார்த்த பிறகு அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

சொல்லியிருக்க வேண்டும். அன்றே சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபத்தோடு போயிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் போனை எடுக்கச் சொன்னார். வேலையை விட்டபின் யாருக்கும் பண்ணாதவர், அச்சகத்து ஃபோர்மேனுக்குப் பண்ணினார். அந்த ஃபோர்மேன் வீட்டிலும் இதே தொடர் ஓடுவதாக ரேடியோ எப்போதோ சொல்லியிருந்தாள்.

"டேய், கொலைகாரன் யாருன்னு தெரியுமா? தெரியாதா? கண்ணு தெரியாதவன் சொல்றேன், கேட்டுக்கோ. குடையோட சுத்தறாளே, அவ. பந்தயமா? சரி, நான் தோத்தா மீசையை எடுத்துடறேன். போதுமா?"

மறுநாள் ஃபோர்மேன் கண்ணாடி அறைக்குள் தலையை நீட்டினார். "ஏன்க்கா, அண்ணன் ஏதோ எலி, ஸ்வெட்டர்னு சொல்றாரு. எங்க வீட்டு டிவியில அப்படி ஒண்ணும் வரலையே?"

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் ரேடியோ, தாளிலிருந்து தலை நிமிராமல்.

"இருக்கும். ஆனா அண்ணன் அவ்வளவு சந்தோஷமா பேசி எத்தனை நாளாச்சுக்கா!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று முழுக்க அவள் மனதில் ஒரே கணக்கு. கடைசிப் பகுதியில் கொலைகாரர் வேறு யாரோ என்று வரும். வரத்தான் போகிறது, அவளுடைய எலியை ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் படிப்பது அவள்தானே. டிவியில் யார் பெயர் வந்தாலும், அந்த இடத்தில் குடைக்காரி என்று படித்துவிட்டால் தீர்ந்தது. அவர் ஜெயிப்பார். மீசை தப்பும். ஃபோர்மேன் காலில் விழுந்தாவது அவர் வாயை அடைத்துவிடலாம். இன்னொரு பக்கம் உண்மையைச் சொன்னால்? எலி பொய் என்றால் அந்தப் பளபளப்பு போகும். அதோடு போகுமா? இவள் வாய் அச்சு மாதிரி என்று நம்பியிருக்கும் மனிதர் இனி எதைத்தான் நம்புவார்?

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவர் பழைய பகுதிகளை மறுபடி போடச் சொன்னார். குடைக்காரி சிரிக்கும்போதெல்லாம் கையைத் தட்டினார். "கேளு, கேளு! எவ்வளவு நடிப்பு பாரு! இந்தச் சிரிப்பை நம்பித்தானே எல்லாரும் ஏமாந்தாங்க." ரொட்டி கொடுத்தது, கையுறை கொடுத்தது எல்லாம் அவர் வாயில் குற்றமாக மாறியது. ரேடியோவுக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் திட்டுகிற பாதிப் பேச்சு அவளுடையது. அவர் பொய் என்று சொன்ன அந்தக் கலகலப்பு அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

கடைசிப் பகுதி வெளிவந்த அன்று அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார், ஏதோ விருந்துக்குப் போகிறவர் மாதிரி. திரையில் எல்லோரும் காத்திருப்பு அறையில் கூடியிருந்தார்கள். துப்பறிவாளன் மெதுவாக நடந்து ஒருவர் முன்னால் போய் நின்றான். கீழே எழுத்து வந்தது: கொலை செய்தவர் நீங்கள்தான், பரிசோதகரே.

பின்னால் குடைக்காரி நின்றிருந்தாள். முதல் முறையாகச் சிரிக்காமல், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ரேடியோ வாயைத் திறந்தாள். குடைக்காரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவளால் முடியவில்லை. இந்தக் கூட்டத்திலேயே ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத பெண்ணை, ஒரு மீசைக்காக, தன் வாயாலேயே கொலைகாரி ஆக்குவதா? ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினே? யாரு?"

"டிக்கெட் பரிசோதகர்."

"அப்ப எலி?"

"எலி என்னுதுங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதாத இடம், அவருடைய "ஓ", முதல் பொய், பிறகு வந்த பொய்கள். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாத்திரை அட்டையில என்ன சேத்தே?"

"என்னங்க பேசறீங்க?"

"கேக்கறேன். போன்ல வர்றதுல என்ன சேத்தே? டாக்டர் எழுதிக் குடுத்ததுல என்ன விட்டே? எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேற வழி என்ன இருக்கு?"

அவளுக்கும் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா ஒரு புள்ளி மாத்தினதில்லை. நீங்க சிரிக்கணும்னு ஒரு எலியைச் சேத்தேன். அது கொலைக் குத்தமா?" என்று கத்தினாள். அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டிவியில் எல்லோரும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அவர் குளியலறையிலிருந்து வந்தார். மேலுதடு வெறுமையாக இருந்தது. தானே தடவித் தடவி மழித்ததில் ஓரத்தில் வெட்டுக்காயம். மீசை இல்லாத அந்த முகத்தை அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மருந்து தடவப் போனாள். கையை விலக்கிவிட்டார். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினார். கீழ் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் குடியிருந்தார். மாத்திரையை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறார். ரேடியோ படியின் மேலே நின்று பார்த்தாள். அவளை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

வேலைக்குப் போனாள். ஃபோர்மேன் தேடி வந்தார். "அண்ணன் போன் பண்ணாருக்கா. தோத்துட்டேன்னாரு. அந்த எலி விஷயம், 'ஒண்ணுமில்லடா, நான்தான் தப்பாக் கேட்டுட்டேன், கண்ணோட காதும் போயிடுச்சு'ன்னு சிரிச்சாரு. எனக்கு ஏன்டா பந்தயம் கட்டினோம்னு ஆயிடுச்சு."

ரேடியோ கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். ஒரு வரி போதும், என் வீட்டுக்காரி பொய்யாகப் படித்தாள் என்று சொல்ல. அச்சகத்தில் அவள் பெயர் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பெருமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டிருக்கிறார். அன்று அவள் படித்த சீட்டில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. புதுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டில் சில நாட்கள் பேச்சு வார்த்தை இல்லை. தேவையானதற்கு மட்டும் வாயைத் திறந்தார்கள். அவர் மாத்திரையோடு கீழே போவதும் வருவதுமாக இருந்தார். கண் மருத்துவர் புது மருந்து ஒன்று எழுதிக்கொடுத்த அன்று, கீழே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது.

"அந்த ஆளு படிக்கறானாம்! காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ்வளவுதான் சார்ங்கறான். உள்ள இருக்கற சீட்டைப் படிய்யான்னா, 'பொடி எழுத்து சார், இதையெல்லாம் யாரு படிப்பாங்க?'ன்னு கேக்கறான். நம்மகிட்டயே கேக்கறான்!"

கோபத்தில் 'நம்ம' என்று வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். அவர் சீட்டை அவள் இருந்த பக்கமாக நீட்டினார்.

"படி."

ரேடியோ மடிப்பைப் பிரித்து நீவிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அச்சகத்தில் படிக்கிற அதே குரலில், தலைப்பிலிருந்து ஆரம்பித்து, கால்புள்ளி, அடைப்புக்குறி, எச்சரிக்கை, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பதுவரை படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை முழங்கால் மேல் நகர்த்திக்கொண்டே கேட்டார். வரிக்கு வரி விரல் கீழே இறங்கியது. முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அன்னைக்கு மாத்திரையைப் பத்திக் கேட்டது தப்பு" என்றார். "மருந்து வேற, அது வேற. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

"நானும் சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்" என்றாள் அவள்.

"சொல்லிட்டுச் செஞ்சா நான் சிரிச்சிருப்பேனா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ போட்டு இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு அவராகவே, நிறுத்தின இடத்திலிருந்து டிவியைப் போடச் சொன்னார். அவள் எழுதியிருந்ததை மட்டும் படித்தாள். பரிசோதகர் அழுதார், காரணம் சொன்னார், போலீஸ்காரன் கூட்டிப்போனான். துப்பறிவாளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான். வண்டி நகர்ந்தது. குடைக்காரி பிளாட்பாரத்தில் வண்டி கூடவே ஓடி வந்தாள், மூச்சு வாங்க எதையோ கத்திக்கொண்டே. கீழே ஒரு எழுத்தும் வரவில்லை. ரேடியோ உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா?"

"எழுதலைங்க."

"எழுதலைன்னு தெரியும். அவ என்ன சொல்றான்னு கேட்டேன்."

அவருக்குத் தெரியாமல் பேசிப் பழகிய வாய்க்கு, அவரே கேட்டதும் வெட்கம் வந்துவிட்டது. திரையைப் பார்த்தாள். குடைக்காரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"'சார், நான் பேசறதை விட்டா அங்க உங்களுக்கு வேற யாரு பேசுவா?'ன்னு கேக்கறா."

"அவன் என்ன சொல்றான்?"

"அவன் எங்க பேசறான்? ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருக்கான். வாயே திறக்கலை."

அவர் டிவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். வண்டி ஓசை மட்டும் கேட்டது.

"'வேற யாரும் இல்லம்மா'ன்னு சொல்றான்" என்றார்.